மீட்டரைக் கீழே வைத்தவன்

மகளின் போனிலிருந்து வந்த அந்த ‘பீப்’ சத்தம் என்னைச் சமையலறையிலேயே நிறுத்தியது. பேய்களைத் துப்பறியும் அந்தப் பழைய தொடர், இரண்டாவது எபிசோடு.

கும்மிடிப்பூண்டியில் இருந்தபோது ஞாயிறு மதியம் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்ப்போம். அதில் ஒருத்தி ஆவிகளோடு பேசுவாள். கூட வருகிறவன், ஆவி இருந்தால் ‘பீப்’ அடிக்கும் மீட்டரை நீட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்பான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அண்ணன் பழவேற்காட்டு ஏரியில் மூழ்கிப் போன பிறகும் அம்மா அவன் தட்டில் சோறு போட்டு வைப்பாள். இரும்பாலையில் உலையின் சூட்டை அளக்கும் அப்பா, "செத்தவனுக்குச் சோறு போட்டுக்கினு கீறியே, பைத்தியமா நீ?" என்று தட்டை நகர்த்துவார். பிறகு அவரும் சாப்பிடாமல் எழுந்துவிடுவார்.

ஒரு ஞாயிறு வந்த எபிசோடில் அவள் காலி நாற்காலியைப் பார்த்து அழுதாள். அவன் மீட்டரை அணைத்துக் கீழே வைத்துவிட்டு, "என்ன சொல்றாங்க?" என்று மட்டும் கேட்டான்.

விளம்பரம் வந்தது. அப்பா அண்ணனின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சொல்றான்?" என்றார் அம்மாவிடம்.

"உன்ன சாப்புடச் சொல்றான்."

அப்பா தலை நிமிராமல் தன் தட்டிலிருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டார்.

இப்போது அம்மாவும் போய்ச் சேர்ந்து ஒரு மாதமாகிறது. கூடத்தில் அப்பா அவளுக்கும் ஒரு தட்டு வைத்துவிட்டு, தன் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மகளிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, அவரெதிரே போய் உட்கார்ந்தேன்.

"அம்மா இன்னா சொல்றாங்கப்பா?"