சவலை என்று எழுதிய பக்கம்

1964 பெப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. வெந்நீர் வைத்துச் சவரம் செய்துகொண்டேன். ஆறேகாலுக்கு டிஸ்பென்சரியைத் திறந்து, ஸ்டவ்வில் ஊசிகளைக் கொதிக்க வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணி வரைதான் வேலை. வந்தவர்கள் பதினொரு பேர். இருமல் ஆறு, வெட்டுக்காயம் இரண்டு, வயிற்றுப்போக்கு ஒன்று, பல்வலி ஒன்று. மீதி ஒருவர் ஓய்வுபெற்ற கங்காணி. அவருக்கு நோய் ஒன்றும் கிடையாது. ஸ்டவ்வின் பக்கத்தில் குளிர் காய்ந்துவிட்டுப் போனார்.

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அப்போது எனக்கு மருந்து கலக்கும் உத்தியோகம். இருபத்தோராம் வருடம் நடந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் என்னை டாக்டரய்யா என்பார்கள். நான் டாக்டர் அல்ல என்று முதல் இரண்டு வருடங்கள் சொல்லிப் பார்த்தேன்; பிறகு விட்டுவிட்டேன். மூன்று புத்தகங்கள் வைத்திருந்தேன். ஒன்று என் சொந்த நாட்குறிப்பு. இன்னொன்று பிள்ளைக் காம்பராவுக்கு உரியது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை அங்கேதான் ஆயாவிடம் விட்டுப் போவார்கள். ஒவ்வொரு குழந்தையின் எடையையும், தலை நின்ற நாளையும், உட்கார்ந்த நாளையும் அதில் எழுதுவேன். மூன்றாவது கர்ப்பிணிகளின் புத்தகம். மூன்றிலும் அடித்தல் திருத்தல் இராது. அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

அன்று ஹட்டனிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. அங்கே புடவைக் கடை வைத்திருக்கும் நானாவின் மூத்த மகன். கொழும்பில் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர். இரண்டு வருடம் சீமையில் இருந்து, மூளையிலுள்ள கொழுப்பைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவர். முந்திய வாரம் கோட்டுத் துணி வாங்கப் போனபோது, விடுமுறையில் வந்திருந்த அவர் தன் வாப்பாவுக்கு உதவியாகத் துணி அளந்துகொண்டிருந்தார். பேச்சுவாக்கில் எங்கள் தோட்டத்துக் குழந்தை ஒன்றைப் பற்றிச் சொன்னேன். பதினான்கு மாதப் பெண் குழந்தை. உட்கார்ந்தது, இப்போது உட்காருவதில்லை. சிரித்தது, இப்போது முகம் பார்ப்பதில்லை என்றேன். அவர் அளவுகோலைக் கீழே வைத்தார்.

"சின்னச் சத்தத்துக்கும் திடுக்குனு கையை விரிக்குதா?"

நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் உண்மை அதுதான். பால் டின் மூடி விழுந்தால் போதும், அந்தக் குழந்தை இரண்டு கைகளையும் விரித்து விதிர்விதிர்த்துப் போகும்.

பதினொன்றரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் தோல் பை ஒன்று, வீட்டிலிருந்து தாயார் கொடுத்தனுப்பிய தொதல் இனிப்புப் பொட்டலம் ஒன்று. என் பிள்ளைக் காம்பராப் புத்தகத்தையும் நாட்குறிப்பையும் கொண்டுவரச் சொன்னார். கர்ப்பிணிகள் புத்தகத்தையும் நானே சேர்த்துக் கட்டிக்கொண்டேன். கேட்டதற்கு ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்ற எண்ணம்தான்.

குழந்தை அப்போது தாயிடம் இல்லை. தகப்பனின் அக்காளிடம், மேல் லயத்தில், அதாவது மேட்டிலுள்ள தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் நான்.

எங்கள் லயங்களில் ஒரு நம்பிக்கை. கைக்குழந்தை இருக்கும்போதே தாய் மறுபடி முழுகாமல் இருந்தால், முதல் குழந்தை ஏங்கி மெலிந்து சவலையாகிவிடும் என்பார்கள். சவலைப் பிள்ளையை அந்தத் தாய் தூக்கவும் கூடாது. அவள் வாடை பட்டால் இன்னும் தேயுமாம். ஜனவரியில் எடை போடும் நாளன்று, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் எல்லோரும் நிற்க, நான் அந்தத் தாயைப் பார்த்துச் சொன்னேன்: "இது பால் மறக்கறதுக்குள்ள வயித்துல இன்னொண்ணு. சவலையாகாம பின்ன என்ன ஆகும்?" தூக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. டாக்டரய்யாவே சவலை என்று சொன்னபிறகு, அன்று சாயங்காலமே குழந்தை மேல் லயத்துக்குப் போய்விட்டது. ஐந்து வாரங்களாகத் தாய் வாசல்படிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறாள்.

நாங்கள் போனபோதும் அப்படித்தான் நின்றாள். தகப்பன் உள்ளே குழந்தையை மடியில் வைத்திருந்தான். அவன் கான் வெட்டும் ஆள். தேயிலை மலையில் மழைத் தண்ணீர் ஓடும் கான்களில் அடைந்த மண்ணை வெட்டி எடுப்பது அவன் வேலை. நல்ல பருமன். அத்தனை பெரிய உடம்பை அசைக்காமல், குழந்தையின் தலைக்கு மேல் வாயை வைத்து, வண்டு போல ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தான். அந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் குழந்தை திடுக்கிடுவதில்லையாம். அவனே கண்டுபிடித்தது.

வந்தவர் சப்பாத்தை வெளியிலேயே கழற்றினார். தாய் அவரை உற்றுப் பார்த்தாள்.

"இவுக புடவைக் கடை நானா மகன்ல? டாக்டருங்களா? போன தீவாளிக்கு எனக்குச் சாயம் போற சீலையா பாத்துக் குடுத்தது இவுகதான்."

"அது நான் இல்லக்கா, என் தம்பி. அவனுக்குக் கண்ணு கொஞ்சம் மட்டம்," என்றார் அவர்.

குழந்தையைத் தன்னிடம் வைத்திருந்த வீட்டுக்காரி, அதாவது தகப்பனின் அக்காள், "சிரிப்பெல்லாம் அப்புறம், பிள்ளையப் பாருங்க," என்று அதட்டினாள். கண்டிப்பானவள், ஆனால் அந்த ஐந்து வாரமும் குழந்தைக்குத் தன் கம்பளியைக் கொடுத்துவிட்டுச் சாக்குப் போர்த்திப் படுத்தவள்.

கதவைச் சாத்திவிட்டு, சிறிய விளக்குள்ள கருவி ஒன்றால் அவர் குழந்தையின் கண்ணுக்குள் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். வெளிறிய ஒரு வட்டம். அதன் நடுவில் குங்குமம் வைத்ததுபோல ஒரு சிவப்பு. இருபத்தொரு வருடத்தில் நான் பார்க்காத ஒன்று.

கதவைத் திறந்துவிட்டு, "புத்தகத்தை எடுங்க," என்றார். "முதல்லேருந்து தேதியோட வாசிங்க."

வாசித்தேன். 1962 டிசம்பரில் பிறப்பு. அடுத்த ஏப்ரலில், சத்தத்துக்கு மிகவும் அஞ்சுகிறது. ஜூனில், பிடித்தால் உட்காருகிறது. ஆகஸ்டில், உட்கார வைத்தால் சாய்கிறது. செப்டம்பரில், கையில் கொடுத்த கரண்டியைப் பிடிப்பதில்லை. என் கையெழுத்து எனக்கே அழகாகத் தெரிந்தது. அடுத்தது ஜனவரி. அங்கே நிறுத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்ததால் வாசித்தேன்: "சவலை. தாயைக் கண்டித்தேன்."

"தாய் முழுகாம இருக்கறது எப்பத்திலிருந்து?"

மூன்றாவது புத்தகத்தைப் பிரித்தேன். நவம்பர். இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் வைத்தேன். குழந்தை சாயத் தொடங்கியது ஆகஸ்ட். அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் வயிற்றில் அடுத்தது. இரண்டும் என் கையால் எழுதியவை. இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தவை. ஒருமுறைகூட நான் அவற்றைச் சேர்த்துப் பார்த்ததில்லை.

அவர் வெளியே நின்ற தாய்க்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார். "உடம்புல இருக்கற ஒவ்வொரு உயிரணுவையும் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு இருக்கு. நரம்பு அணுவோட சவ்வுல கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு பொருள் உண்டு. எல்லாருக்கும் வேணும் அது. பழசானதும் உடைஞ்சு போயிரணும். கண்ணுல இந்தச் சிவப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது போகாம உள்ளயே சேருது. சேரச் சேர நரம்பு வேலை செய்யறதில்ல. பாலாலயும் வர்றதில்ல, பட்டினியாலயும் வர்றதில்ல."

தகப்பன் முனகலை நிறுத்தினான். "கான்ல மண்ணு அடையுதே, அந்த மாதிரிங்களா?"

"அதே மாதிரிதாண்ணே."

"அப்ப வெட்டி எடுத்துற முடியாதுங்களா?"

"அதுக்கு மண்வெட்டி இன்னும் உலகத்துல யார்கிட்டயும் இல்லண்ணே. ஏன் அடையுதுன்னே இன்னும் சரியாத் தெரியல. அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."

கணவனும் மனைவியும் சொந்தமா என்று கேட்டார். அத்தை மகன், மாமன் மகள். இரண்டு பேரின் இரத்தத்திலும் இந்தக் குறை ஒளிந்திருக்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோயாக வரும், யாரும் செய்த தப்பு அல்ல என்றார். வயிற்றில் இருப்பதைப் பற்றித் தாயே கேட்டாள். அவர் மறைக்கவில்லை. "நாலுல ஒரு பங்கு பயம் இருக்குக்கா. மூணு பங்கு பயமில்ல. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது."

"இதுக்கு எத்தனை நாளைக்குங்க?" என்றான் தகப்பன்.

அவர் கருவியைத் துணியில் சுற்றினார். "மூணு வயசு தாண்டறது அபூர்வம்."

தாய் வாசல்படிக்கு வெளியிலிருந்தே, என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்ப இருக்கற நாளையாவது எங்கிட்டக் குடுக்கச் சொல்லுங்க, டாக்டரய்யா."

நான் வீட்டுக்காரியிடம், "சவலை இல்ல. குடுத்துருங்க," என்றேன்.

அவள் அசையவில்லை. "குடுக்கறேன். எனக்கென்ன, என் தம்பி பிள்ளை, எங்க இருந்தாலும் என் பிள்ளைதான். ஆனா நீங்க சவலைன்னு சொன்னது இங்க என் காம்பராவுலயா? எடை போடற எடத்துல, அத்தனை பேர் முன்னாடி. நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா, வாடை பட்டுத்தான் போச்சுன்னு இவளைத்தான் பேசுவாளுக. எல்லார் முன்னாடியும் சொன்னதை எல்லார் முன்னாடியும் மாத்திச் சொல்லுங்க. அப்பக் குடுக்கறேன்."

தம்பி, "அக்கா, டாக்டரய்யாகிட்ட இப்படியா பேசறது?" என்றான்.

"டாக்டரய்யான்னா வாய் இல்லாமலா இருக்கு? அன்னைக்கு இருந்துச்சே."

வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பையைக் கட்டினார். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னதில் அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை.

பஸ் வரும்வரை அவர் என் புத்தகத்திலிருந்து தேதிகளைப் படியெடுத்தார். இவ்வளவு துல்லியமான குறிப்பு பெரிய ஆஸ்பத்திரிகளிலும் கிடைப்பதில்லை, ஆராய்ச்சிக்கு மிகவும் உதவும் என்றார். வேறு நாளாக இருந்தால் ஒரு வாரத்துக்கு அந்த வார்த்தை எனக்குப் போதும். ஜனவரி வரியையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். தயங்கினார், பிறகு எழுதிக்கொண்டார். தொதலை என்னிடமே விட்டுப் போனார். அதைத் தாயிடம் கொடுத்தனுப்பினேன்.

17, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். ஸ்டவ்வைப் பற்ற வைக்கவில்லை. முதல் வேலையாக, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போனேன். பெண்கள் கூடையுடன் வரிசையில் நின்றார்கள். பெயர் கூப்பிடுமுன் கணக்கப்பிள்ளையிடம் இரண்டு நிமிடம் கேட்டு, முன்னால் வந்து நின்றேன். "ஜனவரி மாசம் நான் ஒரு தாயைப் பத்திச் சொன்னது தப்பு. அந்தப் பிள்ளைக்குச் சவலை இல்ல. நரம்புல வர்ற நோய். தாயாலயும் வரல, வயித்துப் பிள்ளையாலயும் வரல. எம் புத்தகத்துலயே இருந்துச்சு, நான்தான் பாக்கல," என்றேன். பின்வரிசையில் யாரோ, "இனிமே புத்தகத்தைப் பாத்துட்டுப் பேசுங்க," என்றாள். சிலர் சிரித்தார்கள். தகப்பனின் அக்காள் வரிசையை விட்டு வெளியே வந்து, கம்பளியோடு குழந்தையைத் தாயின் கையில் கொடுத்தாள். தாய் அன்றைக்கு வேலைக்குப் பெயர் கொடுக்கவில்லை. கூடையைக் கணவனிடம் நீட்டிவிட்டு, குழந்தையின் தலைமேல் வாயை வைத்து, தனக்குத் தெரிந்த மட்டும் முனகிக்கொண்டு கீழ் லயத்திலுள்ள தன் காம்பராவுக்கு நடந்தாள்.