டின்னில் பேசிய மனு

மனுவை வாய்மொழியாகச் சொன்னாலும் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அரசுப் பணியில் இருந்தவரை இந்த விதியை நான் பலருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். யாரும் மறுத்ததில்லை.

என் மகள் ஒலியை வைத்துக் கலை செய்கிறவள். கள்ளக்குறிச்சியில் நடந்த கண்காட்சிக்காகக் காலி எண்ணெய் டின்களை ஒலிபெருக்கிகளாக்கினாள். டின்னின் முதுகில் ஒட்டிய சிறு கருவி டின்னையே அதிரவைக்கும். கையெட்டும் தூரத்தில் ஆள் வந்தால் சென்சார் குரலை எழுப்பும். விலகினால் குரல் அடங்கிவிடும். எல்லாமே கல்வராயன் மலைப் பெண்களின் குரல்கள். நடு டின்னில் பேசியவர் தன் ஊருக்கு பஸ் கேட்டிருந்தார். மருமகளுக்கு ஏழாம் மாதம். பஸ் நிற்கும் இடத்துக்கு மலைப்பாதையில் நடந்துதான் வரவேண்டும். பெரிய அதிகாரி திறந்துவைக்க வருகிறார் என்றதும் அந்த அம்மாளும் இறங்கி வந்துவிட்டார். அவரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள்.

பாதுகாப்புக்காக டின்களைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே ஒரு காவலரை நிறுத்தினார்கள். அவர் நின்றது நடு டின்னுக்கு நேர் முன்னால். வரவேற்புரை தொடங்கியதும் டின்னும் தொடங்கியது.

"சார், எங்க ஊருக்கு ஒரு பஸ் வுடுங்க. மருமவ மாசமா கீறா..."

காவலர் திரும்பிப் பார்த்தார். "என்னாண்ட ஏம்மா கேக்கற? நானே லிஃப்ட் கேட்டுத்தான் வந்துக்கினு கீறேன்."

முன்வரிசை சிரித்தது. அங்கேயே நிற்கும்படி உத்தரவு என்பதால் அவர் நகரவில்லை. டின்னும் விடவில்லை. விழாக்குழுக்காரர் ஒருவர் வந்து ஒயரைப் பிடுங்கினார். மகள் போய்க் கேட்டதற்கு, "ஃபங்ஷன் முடியட்டும் மேடம்" என்றார்.

அதிகாரி கயிற்றுக்கு இப்பால் நின்று பார்த்தார். "அமைதியா, நல்லா இருக்கு" என்றார். படம் எடுத்துக்கொண்டார்கள்.

வாசலில் அந்த அம்மாள் என்னை மறித்தார். "நான் பேசனத கேட்டாருங்களா? இன்னா சொன்னாரு?"

"நல்லா இருக்குன்னாரும்மா."

"அப்ப பஸ் வந்துடும்னு சொல்லுங்க."

அவர் டின்னிடம் சொன்னதை அன்றே எழுதி, ஒயர் பிடுங்கப்பட்டதையும் ஒரு வரியில் சேர்த்து, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அந்த அதிகாரிக்கு அனுப்பினேன். அது மாசி மாதம். சித்திரையில் மருமகளைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் பிள்ளை பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன. அதில் எந்தத் துறைக்கும் பங்கில்லை.

பிறகுதான் பதில். "தங்கள் மனு மின் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. மண்டபத்தின் மின் இணைப்பு நல்ல நிலையில் உள்ளதாக அறிக்கை பெறப்பட்டதால் மனு முடித்துவைக்கப்படுகிறது." கையெழுத்து, முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. வந்து சேர்ந்த நாள், ஆடி பதினெட்டு.