பதினோரு ரோகிணிகள்

சாமுவேல் சார் இறந்துபோன செய்தி வந்தபோது நான் அவரைத் திட்டி ஒரு வாட்ஸ்அப் செய்தி தட்டிக்கொண்டிருந்தேன். முந்தைய சனிக்கிழமையும் வீணாய்ப் போயிருந்தது. பாதியில் தலைமையாசிரியர் கூப்பிட்டார். டவுணில் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வகுப்பறை வாசலிலேயே நின்றேன்.

நம் பள்ளியில் அவர் இயற்பியல், நான் கணக்கு. ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து மேசை. மூன்று வருஷத்துக்கு முன் இருவரும் சேர்ந்து ஒரு சின்ன ஸ்மார்ட் தொலைநோக்கி வாங்கினோம். டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். போனில் பெயரைத் தொட்டால் தானே திரும்பி அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்; பத்துப் பத்து விநாடியாகப் படம் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும். எவ்வளவு நேரம் அடுக்குகிறோமோ அவ்வளவு தெளிவு. என் ஆசை ஒன்றே ஒன்றுதான். குதிரை முகம் போலத் தெரியும் தூசிமேகம் ஒன்று உண்டு, குதிரைத்தலை நெபுலா. அதைப் பத்து மணி நேரம் அடுக்கி ஒரு முழுப் படம் எடுக்க வேண்டும், பெரிதாக அச்சிட்டு ஆய்வகச் சுவரில் மாட்ட வேண்டும்.

நம் ஊர் வானம் அதற்கு லேசில் இடம் கொடுக்காது. மழை மார்கழி வரை இழுக்கும். சித்திரை பிறந்தால் குதிரைத்தலை மேற்கே இறங்கிவிடும். நடுவில் மிஞ்சுவது சில சனிக்கிழமைகள்தான். முக்கூடலில் என் மாமனார் வீட்டு மொட்டைமாடியில் நல்ல இருட்டு என்று பைக்கில் போவோம். நிலாவும் மேகமும் தின்றது போக, முதல் வருஷம் ஐந்து மணி நேரம் சேர்த்துவிட்டோம்.

கெடுத்தவர் பக்கத்து வீட்டு பஸ் கண்டக்டர். ஒருநாள் மாடிக்கு வந்து, "அண்ணாச்சி, எம் மகளுக்கு ரோகிணி. அதை இது காட்டுமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் சாமுவேல் சார் குதிரைத்தலையை நிறுத்திவிட்டு ரோகிணிக்குத் திருப்பினார். கறுப்பில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி. எத்தனை மணி நேரம் அடுக்கினாலும் அது புள்ளிதான். கண்டக்டர் அதைப் போனில் வாங்கிக்கொண்டு பூரித்துப்போய் இறங்கினார். அடுத்த சனிக்கிழமை மாடிப்படியில் ஆறு பேர்.

நாலாவது ஆளும் ரோகிணி கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"போன வாரம் எடுத்தது இருக்குல்லா? அதையே அனுப்பும் வே. எல்லாருக்கும் ஒரே நட்சத்திரம்தான?"

"அது கண்டக்டர் மகளுக்கு வந்த வெளிச்சம்லா வே. இவருக்கு இன்னிக்கு வந்ததைத்தான் குடுக்கணும்."

"வெறும் புள்ளி வே அது!"

"அறுபத்தஞ்சு வருஷம் ஓடி வந்திருக்கு. வாங்கிக்கிட ஆளு வாசல்ல நிக்கும்போது பழசைக் குடுக்கச் சொல்லுதீரே."

அந்த ரோகிணியையும் எடுத்துக் கொடுத்த பிறகுதான் குதிரைக்குத் திருப்பினார்.

சபையிலும் இது பேச்சானது உங்களில் பலருக்குத் தெரியும். பெரியவர் ஒருவர் ஆராதனை முடிந்ததும் அவரை நிறுத்தி, "நம்ம ஆளுக நட்சத்திரம் பார்க்கலாமா சார்?" என்று கேட்டார். "நான் சோசியமா பாக்கேன்? ஆண்டவர் படைச்சதைப் படம் எடுக்கேன்," என்றார் இவர். இரண்டு வாரம் கழித்து அதே பெரியவர் முக்கூடலுக்குத் தனியாக வந்து, குரலைத் தாழ்த்தி, "எங்க அம்மா சொல்லுவா, நான் மகமாம்," என்றார். மகம் அப்போதுதான் கிழக்கே எழும்பிக்கொண்டிருந்தது. அது தென்னைக்கு மேலே வரும்வரை இருவரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் குதிரைத்தலைக்குக் கிடைத்தது பன்னிரண்டு நிமிஷம். நான் கீழே போய்ப் படுத்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து அவர் மனைவி தொலைநோக்கிப் பையை எடுத்துக் கொடுத்தார்கள். "ரெண்டு பேரு சாமான்லா, நீங்க கொண்டுபோங்க." வீட்டுக்கு வந்து அதன் நினைவகத்தைத் திறந்தேன். குதிரைத்தலை இல்லை. ஐந்து மணி நேரத்துப் படங்களில் ஒன்றுகூட இல்லை. இடம் நிறைந்துவிட்டது என்று அழித்திருக்கிறார். அந்த இடத்தில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். மகம், திருவாதிரை. ரோகிணி மட்டும் பதினொன்று.

கடைசி மாதங்களில் நான் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "குதிரை எங்க வே ஓடிரப் போவுது? பையப் பைய எடுத்துக்கிடலாம்," என்று நழுவினார். ஏன் என்று இப்போது புரிகிறது. சொல்லியிருக்கலாம். நான் குதித்திருப்பேன், ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன், பிறகு சரியாகியிருக்கும். இனி யாரிடம் போய்க் குதிக்க? இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். எனக்கு அவர்மேல் கோபம்தான் வருகிறது. அவர் இல்லாதது தாங்கவில்லை; அதுவும் கோபமாகத்தான் வருகிறது.

போன சனிக்கிழமை முக்கூடல் மாடியில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். மேகமில்லை, நிலாவில்லை, படியில் ஆளில்லை. நாற்பது நிமிஷம் தடங்கலில்லாமல் ஓடியிருக்கும். தெருக்கோடியில் பீடி சுற்றும் மாரிச்செல்வி மேலே வந்தாள். "அந்த சார் இல்லியே, நீங்க எடுத்துத் தருவீகளா? எம் பிள்ளைக்கு ரோகிணி." என்னிடம்தான் பதினொன்று இருக்கிறதே. படியிலேயே அவளை நிறுத்தி ஒன்றை அனுப்பினேன். "நல்லா இருப்பீக சார்," என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

எனக்குத்தான் உட்கார முடியவில்லை. கால் மணி நேரம் மாடியில் இங்குமங்கும் நடந்தேன். பிறகு ஓடிக்கொண்டிருந்த குதிரைத்தலையை நானே நிறுத்தினேன், செருப்பை மாட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அது வேறு ஆளுக்கு எடுத்த படம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா என்றேன்.

"பச்சப்பிள்ளையப் பனியில கொண்டாரணுமா சார்?" என்று அவள் விழித்தாள்.

"துணியச் சுத்தித் தூக்கிட்டு வா, தாயி."

நண்பர்களே, சாமுவேல் சாரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தத் தொல்லைதான். குதிரைத்தலை இந்த வருஷமும் முடியாது. நல்லா மாட்டிவிட்டுட்டுப் போயிட்டீரு வே.