செக்கிங்குக்காகச் சுத்தம் செய்த சதுப்பு நிலம்

அமீரகத்தில் உம் அல் குவைன் பக்கம் அந்த நிலத்தில் இறங்கியதும் டிரைவரைத்தான் முதலில் திட்டினேன். இடம் தப்பு என்று நினைத்தேன். என் கையில் இருந்த சாட்டிலைட் படத்தில் உப்பங்கழியை ஒட்டித் தண்ணீரும் நாணலுமாகக் கிடந்த இடம், கண்ணெதிரே கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி பெருக்கி வைக்கப்பட்டிருந்தது. படத்தைத் திருப்பிப் பார்த்தேன். போனையும் திருப்பிப் பார்த்தேன். டிரைவர் பாய் ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

என் வேலை அப்படி. கடலோரத்தில் சதுப்பு நிலம் வைத்திருப்பவர்கள், மண் கொட்டி மேடாக்க மாட்டோம், கட்டடம் எழுப்ப மாட்டோம் என்று காலத்துக்கும் எழுதிக் கொடுத்தால் எங்கள் அமைப்பிலிருந்து உதவித்தொகை உண்டு. நிலம் அவர்களுடையதாகவே இருக்கும். விண்ணப்பங்கள் குவிந்துவிட்டதால், நேரில் போய்த் தண்ணீர், செடி, பறவை என்று மார்க் போட்டு வரிசைப்படுத்துவது என் தலையில் விழுந்தது. மேலே வரும் சிலருக்குத்தான் ஒப்பந்தம். இந்த நிலம்தான் முதலில் வரும் என்று ஆபீசில் நானே வாய் விட்டிருந்தேன்.

தகர அறையிலிருந்து காவல்காரர் ஓடி வந்தார். ராமநாதபுரத்துக்காரர். என் தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம ஊரு ஆளா மேடம்? அப்ப பயமில்ல. எல்லாத்தையும் பாருங்க. ஒரு குப்ப கெடயாது."

"அண்ணே, இங்க தண்ணி இருந்துச்சே?"

"இருந்துச்சு, ஒரே நாத்தம். கழியிலேருந்து தண்ணி வர்ற வழிய மண்ணு மூட்ட போட்டு அடச்சுட்டேன். நாணல வெட்டிக் கொளுத்தியாச்சு. அந்தச் செவத்தக்கால் பறவைங்கதான் போகவே மாட்டேன்னுச்சுங்க. தகரத்தத் தட்டித் தட்டி வெரட்டுனேன்."

பூநாரைகளைச் சொல்கிறார். யார் செய்யச் சொன்னது என்று கேட்டேன்.

"கஃபீல், அதான் எனக்கு விசா குடுத்த மொதலாளி, செக்கிங் வருதுன்னாரு. பாஸ் ஆனா இங்கயே டூட்டி பாக்கலாம், இல்லேன்னா நெலத்த வித்துருவேன், நீ கலாஸ், ஊருக்குப் போன்னாரு. செக்கிங்னா கிளீனிங்தானே மேடம்? எத்தன லேபர் கேம்ப்ல பாத்திருக்கேன்."

அவரைத் திட்ட வாய் வரவில்லை. அவர் பார்த்த உலகத்தில் அவர் செய்தது சரிதான். அப்படியானால் தப்பு யாருடையது? கஃபீலுடையதா, எதைப் பார்க்க வருகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாத எங்களுடையதா? சில மூட்டை மண்ணில் காணாமல் போகிற ஒன்றுக்குக் காலத்துக்கும் என்று ஒப்பந்தம் எழுதுகிறோமே, அது என்ன கணக்கு? ஒன்றும் பிடிபடவில்லை.

"மூட்டைய எடுத்துட்டு மறுபடியும் தண்ணிய விடுங்கண்ணே. எங்களுக்குத் தண்ணியும் பறவையும்தான் வேணும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "தமாஷ் பண்றீங்க. நாத்தத் தண்ணிக்கு யாரு மேடம் காசு குடுப்பா?" நான் சோதிக்கிறேன் என்றே நினைத்துவிட்டார். நான் அழுத்திச் சொல்லச் சொல்ல, இனி ஒரு சொட்டுக்கூட உள்ளே விடமாட்டேன் என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். என் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

இன்னொரு தடவை போய்ப் பார்க்கிறேன் என்று மேனேஜரிடம் சண்டை போட்டேன். எல்லாருக்கும் ஒரே தடவைதான், நேரில் பார்த்ததற்குத்தான் மார்க் என்றார். மற்ற விண்ணப்பக்காரர்களை நினைத்தால் அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பறவை என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டபோது என் மேலேயே எரிச்சலாக வந்தது. வரிசையில் அந்த நிலம் கடைசிக்குப் போனது.

முடிவு அறிவித்த வாரம், பர் துபாயில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய வாய்ஸ் மெசேஜ் வந்தது. குரலில் கோபமில்லை.

"மேடம், கஃபீல் ஊருக்கு டிக்கெட் போட்டுட்டாரு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் இன்னும் கொஞ்சம் சுத்தம் பண்ணிருக்கணுமோ?"