சாம்பசிவனின் பதினேழு பாட்டுகள்

சாம்பசிவனுக்குப் பிடித்த பாட்டுகள் பதினேழு. எல்லாம் எழுபதுகளில் அமெரிக்காவில் வந்தவை. கிட்டாரும் பாஞ்சோவும் மௌத் ஆர்கனுமாக, ஊரை விட்டுப் போகிறவர்கள் பாடுகிற பாட்டுகள். கல்லூரித் தோழன் ரெஜியின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவன். அவன் கொண்டுவந்த கேசட்டில் பிடித்த பைத்தியம் அது. மின்வாரிய அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருஷம் கோப்பு தள்ளிய மனிதர், அந்தப் பாட்டுகளில் ஏறித்தான் ஊர் ஊராகப் போய்வந்தார்.

கரமனை அக்ரஹாரத்தில் பக்கத்து வீட்டுக்கும் இவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கீர்த்தனை தவிர வேறெதுவும் வெளியே கேட்கக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். அப்பா போன பிறகும் இவர் ஹெட்போனை விடவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டினால் ஏழுக்குத்தான் கழற்றுவார். நாற்பத்திரண்டு வருஷம் கூடவே வாழ்ந்த மனைவி விஜயத்துக்கு அதில் ஒரு பாட்டுகூடத் தெரியாது.

போன ஆவணியில் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போயிற்று. புத்தி தெளிவாகவே இருந்தது. பிடித்த பாட்டைப் போட்டால் சிலருக்கு வார்த்தை திரும்பும் என்றாள் பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண். மகள் மாளவிகா அப்பா பாட்டுகளைக் குறித்துவைத்திருந்த டைரியைத் தேடியெடுத்து, பதினேழையும் போனில் ஏற்றி, ஒரு ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுத்துவிட்டு பெங்களூருக்குப் போனாள்.

முதல் பாட்டில் மௌத் ஆர்கன் நுழையும் இடத்துக்காக அவர் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். வந்தது, சாலைக் கடைத்தெருவில் அண்டாவைத் தரையோடு இழுக்கிற சத்தம். மூன்று குரல்கள் இணையும் இடத்தில் மூன்று பேர் சண்டை போட்டார்கள். குக்கர் விசில் சரியாகக் கேட்டது, விஜயத்தின் குரலும் சரியாகக் கேட்டது. பாட்டு மட்டும் பாட்டாக இல்லை. வியாதி அதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

தண்ணீர் வேண்டுமா, திரும்பிப் படுக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்டார்கள். பாட்டு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலையை ஆட்டி மறுத்திருப்பார். ஒரு வாரம் பொறுத்துவிட்டு, இடது கையால் காதைத் தொட்டு, ஸ்பீக்கரைக் காட்டி, கையை வீசினார்.

விஜயம் தலையில் அடித்துக்கொண்டாள். "என் புத்தியைப் பாரேன். அவருக்கு ஹெட்போன்ல கேட்டாத்தானே ஆகும்!"

அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து மாட்டிவிட்டாள். அவர் இழுத்துக் கழற்றினார். நழுவுகிறது என்று நினைத்து, இன்னும் இறுக்கி மாட்டினாள். அவர் கண்ணில் நீர் வழிந்தது.

"அழறாரு பாருங்கோ மாமி. நல்லதாக்கும்," என்றாள் ஹோம் நர்ஸ் ஷைலஜா. "உள்ளே ஏதோ இளகுது."

அன்று முதல் காலையிலும் ஒரு மணி நேரம் சேர்ந்துகொண்டது.

ஒரு சாயங்காலம் விஜயம் கட்டிலில் உட்கார்ந்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். அவள் விரல் தொடையில் தாளம் தட்ட ஆரம்பித்தது. அவர் அந்த விரலையே பார்த்தார். பாட்டு அங்கே இருந்தது, முழுசாக. விரலைப் பிடித்துக்கொண்டு அதற்குள் போய்விடலாம் என்று முயன்றார். அண்டாதான் இழுபட்டது.

"இத்தனை வருஷமா எங்கிட்டேருந்து ஒளிச்சு வெச்சுண்டிருந்தேளே," என்றாள். "நன்னாத்தான் இருக்கு. இன்னொண்ணு போடட்டுமா?"

கடைசியில் ஒருத்தி கேட்டுவிட்டாள். மறுக்கத் தலையைத் திருப்பப் போனவர், அவள் விரல் அடுத்த பாட்டுக்காகக் காத்திருப்பதைப் பார்த்தார்.

போடு என்று தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.