நீலப்புலிக்குக் கட்டிய கொடும்பாவி

இடியரசன் செத்துப்போன அன்று அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு இறங்கியது. ஆனால் அண்ணன் முறைத்த முறைப்பில் பாதியில் கை கழுவிவிட்டேன். யாருக்கு என்ன ஆயிற்று என்று அம்மா பதறினாள். "இடியரசன நீலப்புலி கொன்னுட்டான்" என்றான் அண்ணன். இரண்டும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று சற்று நேரம் யோசித்த அம்மா, காமிக்ஸ் விவகாரம் என்று தெரிந்ததும் கரண்டியை ஓங்கினாள்.

எண்பதுகளில் செஞ்சியில் காமிக்ஸ் படிக்காத பையனைப் பார்ப்பது கஷ்டம். படிக்கிற பெண்ணைப் பார்ப்பது அதைவிடக் கஷ்டம். எங்கள் தெருவில் அப்படி இருந்த ஒருத்தி நான். அண்ணனுக்கு ஆறாம் வகுப்பு, எனக்கு நாலாம் வகுப்பு. இடியரசன் கையைத் தட்டினால் வானத்திலிருந்து இடி இறங்கும். நீலப்புலி முகமூடி போட்டவன், நீல மேலங்கி, அதிகம் பேச மாட்டான். இருவருக்கும் தனித்தனிப் புத்தகங்கள் வந்துகொண்டிருந்தவரை ஊரில் அமைதி இருந்தது. யார் செய்த யோசனையோ, இருவரையும் ஒரே கதையில் மோதவிட்டு ஒரு தீபாவளி மலரைப் போட்டார்கள். கடைசிப் பக்கத்தில் இருவரும் மலை உச்சியில் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்தபடி நிற்க, கீழே 'தொடரும்' என்று அச்சடித்திருந்தது.

தொடர்வதற்கு ஒரு வருஷம் ஆயிற்று. அதற்குள் பள்ளிக்கூடமே இரண்டாகப் பிளந்துவிட்டது. இடியரசன் கட்சிக்கு எங்கள் அண்ணன் தலைவன். நீலப்புலி கட்சிக்கு ரவி தலைவன். ரவியின் அப்பா பஸ் ஸ்டாண்டில் பத்திரிகைக் கடை வைத்திருந்ததால் எந்தப் புத்தகமும் அவன் வீட்டுக்குத்தான் முதலில் போகும். அந்தத் திமிர் அவன் நடையிலேயே தெரியும்.

இரண்டாம் பாகம் வந்ததும் கோட்டைக்குள் நெற்களஞ்சியத்தில் கூடினோம். எங்கள் கட்சிக்குக் கிடைத்தது ஒரே பிரதி. அதனால் ஒருவன் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பது வழக்கம். படிப்பவன் தையல்காரர் மகன் அன்வர். அவன் 'டமால்' என்று சொன்னால் அந்தப் பழைய சுவர்களே 'டமால்' என்று திருப்பிச் சொல்லும். நீலப்புலி கட்சியும் வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் இடியரசன் ஒரு கயிற்றில் தொங்குகிறான். கயிற்றின் மறுமுனை நீலப்புலியின் கையில். நீலப்புலி கயிற்றை விட்டுவிடுகிறான். இடியரசன் கடலில் விழுகிறான். 'முற்றும்' என்று அன்வர் படித்தான்.

"இன்னாடா முற்றும்?" என்று அண்ணன் புத்தகத்தைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்னட்டையில் பல்பொடி விளம்பரம்தான் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் ரவி எழுந்து நின்று கையைத் தட்டினான். "இடி வரலியேடா" என்றான். அதன் பிறகு நடந்ததில் அன்வருக்குச் சட்டை கிழிந்தது, ரவிக்கு உதடு கிழிந்தது.

மறுநாள் அண்ணன் பதிப்பகத்துக்கு ஒரு கார்டு எழுதினான். இடியரசனை உடனே பிழைக்க வைக்காவிட்டால் செஞ்சி வட்டாரத்தில் இனி யாரும் புத்தகம் வாங்க மாட்டோம் என்று அதில் எச்சரித்திருந்தான். பதில் வரவில்லை. அந்த வருஷம் மழையும் வரவில்லை. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைச் செடியெல்லாம் காய்ந்து, பக்கத்து ஊரான வல்லத்தில் மழை வேண்டி வைக்கோலால் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் பெண்கள் மாரடித்து அழுது கொளுத்தினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்வர்தான், நாமும் நீலப்புலிக்கு ஒன்று கட்டினால் என்ன என்றான்.

வைக்கோலும் கந்தலும் சுலபமாகக் கிடைத்தன. முகமூடிக்கு அன்வர் கறுப்புத் துணி கொண்டுவந்தான். மேலங்கிக்குத்தான் வழியில்லை. அட்டைப் படத்தில் மேலங்கியின் ஓரம் முழுக்கப் பட்டை போட்டிருந்தது. அந்த மாதிரி ஒரு துணி வேண்டும் என்று அண்ணன் அம்மாவை நச்சரித்துக்கொண்டிருந்தான். நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா, படுத்திருந்த கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்தார். பெட்டியைத் திறந்து, கூட்டங்களுக்குப் போகும்போது தோளில் போடுகிற கட்சித் துண்டை எடுத்து அண்ணன் மேல் வீசினார்.

"இத எட்த்துக்கோ. எனக்கு இனிமே வேணாம்."

"இன்னா நீ, நல்ல துண்டப் போயி..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"சும்மா இரு. புள்ளைங்க வெளாட்டும்."

எங்களுக்கு ஒரே சந்தோஷம். நைனா எடை போடுகிற மல்லாட்டை மண்டியின் முதலாளியும் அதே கட்சி. நைனா எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கட்சிக்குக் கொடி கட்டியவர், பசை காய்ச்சியவர், நோட்டீஸ் ஒட்டியவர். உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது, இந்த முறை நைனாதான் நிற்பார் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. முந்தைய வாரம் கட்சியின் செயலாளர் அந்த இடத்தைத் தன் மைத்துனருக்குக் கொடுத்துவிட்டார். இதெல்லாம் எனக்குக் காதில் விழுந்ததுதான். ஆனால் எனக்கு அப்போது இடியரசன் துக்கமே பெரிதாக இருந்தது. துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துத் துண்டை முக்கி எடுத்தோம். நீலம் நன்றாகப் பிடித்தது. கட்சிக் கரை மட்டும் நிறம் மாறாமல் பளிச்சென்று நின்றது. அட்டைப் படம் போலவே இருக்கிறது என்று அண்ணன் என் முதுகில் தட்டினான்.

சனிக்கிழமை சாயங்காலம் கொடும்பாவியின் காலில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு புறப்பட்டோம். அதன் நெஞ்சில் இரண்டாம் பாகத்தையே குத்திவைத்திருந்தான் அண்ணன். அன்வர் தகர டின்னைத் தட்டினான். 'நீலப்புலி ஒழிக' என்று கத்தினோம். குழாயடிப் பெண்கள் மழைக்காகத்தான் இழுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு குடத்தை வைத்துவிட்டு வந்து உண்மையாகவே மாரடித்து அழுதார்கள். அழுகை கூடக் கூடக் கூட்டமும் கூடியது. இவ்வளவு பேர் இடியரசனுக்காக அழுகிறார்களே என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது. திண்டிவனம் ரோடு முனையில் கொடும்பாவியை நிறுத்தி அண்ணன் தீ வைத்தான்.

வைக்கோல் குபீரென்று பிடித்தது. டீக்கடை வாசலில் நின்றிருந்த ஒருவர் ஓடிவந்து உற்றுப் பார்த்தார். "இன்னாய்யா இது, நம்ம துண்டு!" என்று கத்தினார். அடுத்த நொடி கடையிலிருந்த ஆட்களெல்லாம் ரோட்டில் இருந்தார்கள். ஒருவர் அண்ணனின் காதைப் பிடித்துத் திருகி, "யார் பையன்டா நீ?" என்றார். அண்ணன் சொன்னான். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் செயலாளர் வீட்டுப் பக்கம் சைக்கிளை மிதித்தான். பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விட்டார்கள்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் கூட்டமும் வந்து சேர்ந்தது. வாசல் அடைத்துக்கொண்டு ஆட்கள். சிலர் கையில் கழி இருந்தது. நைனா பனியனோடு வெளியே வந்தார்.

"சீட்டு கெடைக்கலன்னா கொடும்பாவி கொளுத்துவியா? அதுவும் புள்ளைங்கள வுட்டு?" என்று ஒருவர் நைனாவின் பனியனைப் பிடித்தார். பின்னால் யாரோ, "நாளைக்கு மண்டிப் பக்கம் எப்டி வர்றான்னு பார்த்துடலாம்" என்றார்கள். ஒரு கல் வந்து ஓட்டின்மேல் விழுந்தது. அம்மா என்னை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். நான் அப்படிப் பயந்ததாக அதற்கு முன்னால் நினைவில்லை.

கூட்டம் வழிவிட, செயலாளர் வந்தார். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. அவர் கத்தாததே இன்னும் பயமாக இருந்தது. "இன்னாப்பா இதெல்லாம்?" என்றார்.

"அண்ணே, பசங்க வெளாட்டு. காமிக்ஸ் புக்குல வர்ற ஆளாம். எனக்குத் தெரியாம பொட்டியில இருந்து துண்ட எட்த்துட்டாங்க" என்றார் நைனா.

அண்ணனுக்கு அதைத் தாங்க முடியவில்லை. "நைனா, நீதான..." என்று ஆரம்பித்தான். வாக்கியம் முடிவதற்குள் அவன் கன்னத்தில் அறை விழுந்தது. நைனா எங்களை அடித்ததே இல்லை. அண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நைனாவையே பார்த்தான், அழக்கூட இல்லை.

"காமிக்ஸா? எங்க அந்தப் புக்கு?" என்றார் செயலாளர்.

"அதுவும் எரிஞ்சி போச்சி" என்றான் அண்ணன்.

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. நல்ல சிரிப்பில்லை. கழிகள் நகர்ந்தன. இன்னொரு புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அம்மாவின் பிடியிலிருந்து நழுவி, ஆட்களின் கால்களுக்கிடையில் புகுந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடினேன்.

ரவி தன் வீட்டு வாசலில் உதட்டுத் தழும்போடு உட்கார்ந்திருந்தான். தன் ஆளைக் கொளுத்திய செய்தி அவனுக்கு வந்திருந்தது. மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அவன் எழுந்திருக்கவில்லை.

"இடியரசன் கோழைன்னு சொல்லு, தர்றேன்."

"எங்க நைனாவ அடிக்கப் போறாங்கடா!"

"சொல்லு."

"இடியரசன் கோழை."

"கத்திச் சொல்லு."

தெரு கேட்கக் கத்தினேன். கத்தும்போதே அழுதுவிட்டேன். ரவிக்கு என்ன தோன்றியதோ, உள்ளே ஓடிப் புத்தகத்தை எடுத்து, என்னிடம் கொடுக்காமல் எனக்கு முன்னால் அவனே ஓட ஆரம்பித்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் செயலாளர் முன்னால் நின்று அட்டையைக் காட்டினான்.

"இவன்தாங்க நீலப்புலி. எங்க ஆளு. இவனத்தான் கொளுத்துனாங்க. பாருங்க, துணியில பட்ட போட்டிருக்குது."

செயலாளர் தெருவிளக்கின் கீழே போய் நின்றார். அட்டையைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைத் திருப்பினார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கழி வைத்திருந்தவர்கள் கழியைத் தரையில் ஊன்றிக் காத்திருந்தார்கள். நைனாவின் பனியனைப் பிடித்த கை இன்னும் அதைப் பிடித்தபடியே இருந்தது. எனக்கு அவர் கடைசிப் பக்கத்துக்கு வரவே மாட்டார் போலிருந்தது.

வந்தார். புத்தகத்தைத் தாழ்த்திப் பிடித்து, "இவன் ஏன்டா கயிற வுட்டான்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். வேலிப் பக்கம் ஒளிந்திருந்த எங்கள் இரண்டு காமிக்ஸ் கட்சிகளின் பையன்களும் பாய்ந்து வந்துவிட்டார்கள். துரோகி என்றான் அன்வர். வுடலன்னா ரெண்டு பேரும் செத்துருப்பாங்க என்றான் ரவி. கன்னம் வீங்கிய அண்ணன்கூட நடந்ததை மறந்து, ஒரு கையால புடிச்சிருந்தா போதாதா என்று செயலாளரிடமே வாதாடினான். செயலாளர் ஒவ்வொருவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்த பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பனியனைப் பிடித்திருந்தவர் கையை எடுத்து, கசங்கிய இடத்தைத் தடவிவிட்டார்.

"உன் துண்டுதான் எரிஞ்சி போச்சே" என்று சொல்லிச் செயலாளர் தன் தோளிலிருந்த துண்டை எடுத்தார். எல்லோர் முன்னாலும் அதை நைனாவுக்குப் போர்த்தினார். "மச்சானுக்கு எலக்சன் வேல மொத்தமும் நீதான் பாக்கணும். உன்ன வுட்டா எனக்கு யாரு இருக்கறாங்க?" என்றார். ஆட்கள் கைதட்டினார்கள். நாங்கள் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினோம். நைனா தலையைக் குனிந்து இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார்.

அம்மா மட்டும் கைதட்டவில்லை. உள்ளே போய்விட்டாள். நைனாவோடு பல நாள் சரியாகப் பேசவும் இல்லை. நல்ல துண்டு எரிந்துபோன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், எங்கள் நைனாவுக்குச் செயலாளரே துண்டு போட்டார் என்று ஒருத்தி விடாமல் சொன்னேன். பெட்டியைத் திறந்து துண்டை வீசிய அந்த நிமிஷத்தில் நைனா கட்சியை விட்டு வெளியே கால் வைத்திருந்தார் என்பதும், தெரு பார்க்க அவரைத் திரும்ப உள்ளே இழுத்துப் போட்டது செயலாளர் போர்த்திய துண்டுதான் என்பதும் எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

தேர்தல் முடிகிறவரை நைனா வெயிலில் அலைந்தார். மைத்துனர் கைகூப்பியபடி முன்னால் நடக்க, நைனா பக்கத்தில் நடந்து, மற்ற எவரையும்விட உரத்த குரலில் வாழ்க போட்டார். மைத்துனர் ஜெயித்த அன்று ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வந்தது. அன்றும் அவர் குரல்தான் தனியாகக் கேட்டது. மறுநாள் அவருக்குப் பேச்சே வரவில்லை. அம்மா மிளகுக் கஷாயம் போட்டாள். தம்ளரை எடுத்துப்போய் நான்தான் கொடுத்தேன்.

"நாம ஜெயிச்சிட்டமா நைனா?" என்று கேட்டேன்.

ஆமாம் என்று தலையாட்டினார். கஷாயத்தைக் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் காலித் தம்ளரோடு வெளியே ஓடி, நாம ஜெயிச்சிட்டோம் என்று அண்ணனிடம் கத்திச் சொன்னேன்.