யான்பு மைதானத்தில் மட்டையோடு ஓடிய அண்ணன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்துவிட்டேன். எனக்குப் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. அதோடு, பேஸ்பால் என்று வாயெடுத்தாலே எங்கள் ஊர்ப்பக்கம், "அது அமெரிக்காக்காரன் ஆட்டம்ப்பா, உனக்கென்ன வந்துச்சு?" என்பார்கள். இன்னொரு தயக்கமும் உண்டு. முருகனைக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத ஒரு குடும்பஸ்தன், பந்து விளையாட்டில் அவன் அருளைக் கண்டேன் என்று எழுதினால் சிரிக்க மாட்டார்களா? சிரித்தால் சிரிக்கட்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் நான் சவூதியில் செங்கடல் ஓரத்து யான்புவில், ரிஃபைனரி காண்டிராக்டில் சாரம் கட்டும் வேலையில் இருந்தேன். கேம்ப்புக்குப் பின்னால் ஒரு கட்டாந்தரை. குளிர்காலம் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே பேஸ்பால்தான். அமெரிக்கர், ஜப்பான்காரர், கொரியாக்காரர், பிலிப்பைன்ஸ்காரர் என்று நாலு டீம். முதல் வாரம் கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒன்றும் புரியாமல் பார்த்தேன். அடுத்த மாதமே பைத்தியமாகிவிட்டேன்.

அமெரிக்கர்களைப் பற்றி என் அபிப்பிராயம் அன்றும் இன்றும் ஒன்றுதான். உடம்பை நம்பி ஆடுகிறவர்கள். ஒவ்வொரு பந்தையும் செங்கடலில் போடப் பார்ப்பார்கள். பட்டால் பட்டது, இல்லாவிட்டால் மூன்று வீச்சும் காற்றில், அதோடு அவுட். கொரியாக்காரர்களுக்குக் கையைவிட வாய் வேகம். ஜப்பான்காரர்கள்தான் ஆட்டக்காரர்கள். மைதானத்துக்குள் கால் வைக்கும் முன் தொப்பியைக் கழற்றித் தரையைப் பார்த்துக் குனிந்து வணங்குவார்கள். அதைக் கண்டதுமே எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்துவிட்டது. அவர்களிடம் இடது கையால் பந்து போடும் ஒருவர் இருந்தார். வேகமே கிடையாது. அடிக்கிறவன் மட்டையைச் சுழற்றி முடித்த பிறகுதான் பந்து மெதுவாக வந்து சேரும். அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே ரசிப்பேன்.

ஆனால் என் மனசு பிலிப்பைன்ஸ் டீமோடுதான். காரணம் அவர்கள் கேப்டன், எங்கள் வெல்டிங் ஃபோர்மேன். ஒரு தடவை நான் காய்ச்சலில் கிடந்தபோது இஞ்சி போட்ட கஞ்சி வைத்துக்கொண்டு வந்தார். "சிக்கன் மாஃபி பாய். டுடே ஃப்ரைடே, நீ சாப்பிடாது" என்றார். மாஃபி என்றால் அரபியில் இல்லை என்று அர்த்தம். என் விரதத்தை நினைவில் வைத்திருந்த மனுஷன். அந்த சீசனோடு அவருக்கு ஃபைனல் எக்ஸிட், ஊரோடு போய்விடுவார். அத்தனை வருஷம் ஆடியும் அவர் டீம் ஒரு தடவைகூடக் கப்பு வாங்கியதில்லை. "ஒன் டைம், பாய். ஒன்லி ஒன் டைம்" என்பார். வேறு எதையும் அவர் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

எங்கள் ரூமில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், ஸ்டோர்கீப்பர். கிரிக்கெட் வெறியர். என்னோடு மைதானத்துக்கு வருவார், நொட்டை சொல்வதற்காகவே.

"உது ஒரு விளையாட்டே தம்பி? பந்து நிலத்தில குத்தாமல் வருது. தட்டினாலும் ஓட வேணும். நிண்டு ஆடுற கதையே இல்லை."

"ஓடுனாத்தாண்ணே ஆட்டமே."

"நான் பள்ளிக்கூட டீமில ஓப்பனிங். தெரியுமோ?"

"தெரியும்ணே. தினமும் சொல்றீங்கள்ல."

கடைசி மேட்ச் ஜப்பான்காரர்களோடு. அன்று காலை, என் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த முருகன் படத்துக்கு முன் நின்று ஒன்றே ஒன்று கேட்டேன்: "அப்பனே, இந்த மனுஷன் சிரிச்ச முகத்தோட விமானம் ஏறணும்."

மேட்ச் என்றால் அப்படியொரு மேட்ச்! அவர்கள் ஒரு ரன் எடுத்தால் இவர்கள் ஒன்று. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. கடைசிச் சுற்றில் பிலிப்பைன்ஸ் அடிக்க வந்தபோது ரன் இரண்டு பக்கமும் சமம். ஒரே ஒரு ரன் எடுத்தால் கப்பு. அந்த நேரம் பார்த்து பிளான்ட்டிலிருந்து வண்டி வந்து, அவர்கள் ஆட்டக்காரர் ஒருவரை அவசர டூட்டிக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மாற்று ஆள் இல்லை. ஆளில்லாவிட்டால் அந்த முறை வந்ததும் அவுட் என்பது கேம்ப் சட்டம்.

முதல் ஆள் அவுட். அடுத்து ஃபோர்மேன் அடித்தார் பாருங்கள், பந்து வேலியில் போய் முட்டியது! பேஸ் என்பது ஓடித் தொட வேண்டிய திண்டு, மொத்தம் நாலு. மூன்றாவது பேஸ்வரை ஓடி நின்றுவிட்டார். அங்கிருந்து கடைசி பேஸுக்கு வந்து சேர்ந்தால் ரன். அடுத்த முறை, டூட்டிக்குப் போனவருடையது. ஃபோர்மேன் அங்கிருந்தே என்னைப் பார்த்தார். என் வலது கையில் கட்டு. போன வாரம்தான் சாரக்குழாய் நசுக்கியிருந்தது. நான் பக்கத்திலிருந்த அண்ணனைக் காட்டினேன்.

"டேய், விசரே உனக்கு?"

"ஓப்பனிங்னு சொன்னீங்கள்ல! போங்கண்ணே, யல்லா!"

போகிறபோதே பாடம் சொன்னேன். "அடிச்சதும் மட்டையப் போட்டுட்டு ஓடுங்க. பந்து வர்றதுக்குள்ள முதல் பேஸைக் காலால தொடணும்."

"ஓமோம், எனக்குத் தெரியும்."

முதல் பந்து, மட்டையைச் சுழற்றி முடித்தார். பந்து பிறகு வந்தது. இரண்டாவதும் அப்படியே. இன்னொன்று தவறினால் அவுட். "முருகா!" என்று கம்பிவலையைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது பந்துக்கு அண்ணன் சுழற்றவில்லை. ஒரு காலை முன்னால் வைத்து, மட்டையை நேராக இறக்கி, கிரிக்கெட்டில் தடுப்பதுபோலத் தடுத்தார். பந்து இடக்கைக்காரரிடம் உருண்டது. அண்ணன் ஓடினார், மட்டையோடு!

"அண்ணே, மட்டையப் போடுங்க! போடுங்கண்ணே!"

அவர் காதில் எங்கே விழுகிறது? இடக்கைக்காரர் பந்தை எடுத்து மூன்றாவது பேஸைப் பார்த்தார். ஃபோர்மேன் அசையவில்லை. சரியென்று முதல் பேஸுக்கு எறிந்தார். அங்கே நின்றவர் பேஸில் கால் வைத்துப் பந்தைப் பிடிக்கவும், அண்ணன் குப்புற விழுந்து, கையை நீட்டி, மட்டை நுனியை பேஸ்மேல் வைக்கவும் சரியாக இருந்தது. கிரிக்கெட்டில் என்றால் அது செல்லும். இங்கே உடம்பு பட வேண்டும், மட்டை செல்லாது. அவுட்!

ஆனால் அந்த ஜப்பான்காரர் பிறந்ததிலிருந்து இப்படியொன்றைப் பார்த்திருக்க மாட்டார். கையில் பந்தோடு, காலடியில் மட்டையை நீட்டிப் படுத்துக்கிடந்த மனுஷனையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். இடக்கைக்காரர் எறிந்த கணமே ஃபோர்மேன் கிளம்பியிருந்தார். எல்லோரும் கூச்சல் போட்டபிறகுதான் ஜப்பான்காரர் திடுக்கிட்டுக் கடைசி பேஸுக்கு எறிந்தார். அதற்குள் ஃபோர்மேன் சறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார். மூன்று அவுட் விழுந்தால்தான் சுற்று முடியும், அண்ணனுடையது இரண்டாவதுதானே, ரன் செல்லும்! கப்பு!

புழுதியிலிருந்து எழுந்த அண்ணன் அம்பயரிடம் சண்டைக்குப் போனார். "கோட்டுக்குள்ள மட்டை வைச்சிட்டன் ஐயா! எப்பிடி அவுட்?" ஃபோர்மேன் ஓடிவந்து அவரை அப்படியே தூக்கிக்கொண்டார். "நோ அவுட், பாய், நோ அவுட்!" என்று அழுதுகொண்டே சிரித்தார். சிரித்த முகத்தோடுதான் ஏர்போர்ட் வண்டியும் ஏறினார். ஜன்னல் வழியே அவர் கப்பைத் தூக்கிக் காட்டியபோது, நான் சட்டைப்பையிலிருந்த விபூதிப் பொட்டலத்தைத் தொட்டுக்கொண்டேன்.

பிறகு இந்தக் கதை ரூம் ரூமாகப் போய் வளர்ந்துவிட்டது. ஒரு ரூமில் அண்ணன் சிக்ஸர் அடித்தார். இன்னொரு ரூமில் ஜப்பான்காரரை மட்டையால் மிரட்டினார். போன மாதம் அண்ணனே போனில் பேசினார். "நீ எழுது தம்பி. உள்ளதை உள்ளபடி எழுது. ஆனா நான் அவுட் இல்லை."

அவர் அவுட்தான். அந்த அவுட்டில்தான் கப்பு கிடைத்தது. அருள் என்று நான் சொல்வதும் அதைத்தான். ஆகவே இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது சிக்ஸர் சேர்க்காதீர்கள், அவுட்டை எடுத்துவிடாதீர்கள். நடந்தது நடந்தபடியே போய்ச் சேரட்டும்.